இடது பின்கதவு

5.2.2024, திங்கள்

வண்டி கழுவியது. காலை ஏழு மணி. குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீர் இரண்டு வாளி. புதுக் கோடு இல்லை.

6.2.2024, செவ்வாய்

நேற்று எழுதியது போதாதாம். எந்தத் துணி, எந்தச் சோப்பு, எச்சம் இருந்ததா, எங்கே இருந்தது, எல்லாம் எழுத வேண்டுமாம். மாப்பிள்ளை சொன்னதாக வடிவு வந்து சொன்னாள்.

இது மாப்பிள்ளையின் நோட்டு. பள்ளிக்கூடத்தில் வருகை எடுக்கும் நோட்டைப் போல நீளமானது. ஸ்கேல் வைத்து மூன்று கட்டம் போட்டிருக்கிறார்: தேதி, வேலை, குறிப்பு. வண்டி வாங்கிய நாளிலிருந்து ஒரு கழுவல் விடாமல் பதிந்திருக்கிறார். பாலிடெக்னிக்கில் வாத்தியார். குறிப்பு என்ற கட்டம் நல்ல அகலம். அகலமாகப் போட்டது அவர் குற்றம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எழுத்து கோணும். ஆனால் மறதி என்பது எனக்குக் கிடையாது. கண் சரியானதும் அவர் இதை வாசிப்பார். வாசிக்கட்டும்.

மாப்பிள்ளை நம்பிராஜனுக்குக் கண்ணின் உள்திரை பிரிந்துவிட்டது. போன சனிக்கிழமை ஆபரேஷன். கண்ணுக்குள் ஏதோ காற்றை அடைத்து அனுப்பியிருக்கிறார்கள். இருபதாம் தேதி மறுபடி பார்க்கும்வரை இரவும் பகலும் குப்புறவே கிடக்க வேண்டும். என் மகள் வடிவு பள்ளிக்கூட டீச்சர், பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம், லீவு கிடையாது. அதனால் சுரண்டையிலிருந்து என்னை வரவழைத்தாள். மகளுக்காக வந்தேன். வேறு யாருக்காகவும் இல்லை.

வந்த அன்றே பார்த்தேன், இவருக்குக் கண்ணைவிட வண்டி பெரிதாக இருக்கிறது. "பாளையங்கோட்டை வெயில்ல ரெண்டு வாரம் தூசியும் பனியுமா நின்னா பெயிண்டு போயிரும், வெளியாள் கை படக்கூடாது" என்று தலையணைக்குள் புலம்பினார். வடிவு கையைப் பிசைந்தாள். நான் கழுவுகிறேன் என்றேன்.

ஏன் சொன்னேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். 2016 ஆவணியில் இந்த வண்டியை வாங்கியபோது, கறுப்பு வேண்டாம், நம் குடும்பத்துக்கு ஆகாது என்றேன். "அத்தைக்குக் காரப் பத்தி என்ன தெரியும்" என்று சிரித்தார். பந்தியில் பத்துப் பேர் இருந்தார்கள். வைத்திருந்தது வெண்டைக்காய்ப் பச்சடி. மறக்கவில்லை. ஒரு புதுக் கோடு இல்லாமல் இந்த வண்டியை அவர் கையில் கொடுப்பேன். என்னைப் பார்த்துச் சொல்ல அவருக்கு ஒரு சொல் இருக்கக்கூடாது.

அவரோடு நான் பேசி ஐந்து வருஷம் நான்கு மாதம் ஆகிறது. மாமியார்கள் மாப்பிள்ளை முன் நின்று பேசாதது எங்கள் பக்கத்து வழக்கம்தான் என்று ஊரார் நினைத்துக்கொண்டார்கள். எனக்கு அது வசதியாகப் போயிற்று.

8.2.2024, வியாழன்

வாளி தூக்கும் சத்தம் கேட்டாலே முன்னறை ஜன்னலிலிருந்து குரல் வருகிறது. முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டு, தரைக்குச் சொல்வதுபோல் சொல்கிறார்.

"அத்தை, மொதல்ல வெறுந்தண்ணி. மேல கெடக்கிற மண்ணு தானா எறங்கணும். துணி அப்புறந்தான்."

நான் வாளியைப் பார்த்துச் சொன்னேன், "எறங்கட்டும், எறங்கட்டும்."

"போர் தண்ணி வேண்டாம், உப்பு. காஞ்சா வெள்ளைப் புள்ளி நிக்கும். ஆத்துத் தண்ணிதான். மேலயிருந்து கீழ. வட்டமாத் தேய்க்காதிய, நேரா இழுங்க."

"இந்த வாளிக்கு இருக்கிற வாய் ஊர்ல எவனுக்கும் கெடையாது" என்றேன். வாளியிடம்தான்.

சிரித்தாரோ இருமினாரோ, தலையணைக்குள் ஏதோ சத்தம்.

"துணி கீழ விழுந்துட்டா அதத் திரும்பப் போடாதிய, வேற எடுங்க. அப்புறம் அத்தை, முந்தானைய இடுப்புல செருகிக்கிடுங்க. அதுல முடிஞ்சிருக்கிறது கதவுல பட்டா கோடு விழும்."

செருகிக்கொண்டேன். முந்தியில் நான் முடிந்து வைத்திருப்பது வடிவின் அப்பாவுடைய மோதிரம். சனி தோஷம் என்று ஜோசியர் சொன்னதால் குதிரை லாடத்தில் அடித்து நான்தான் போட்டுவிட்டேன். இரும்பு. அது என் முந்தியில் இருப்பது இவருக்கு எப்படித் தெரிந்தது என்று மத்தியானம்வரை யோசித்தேன்.

வேலை: ஷாம்பு ஒரு மூடி, சோப்புக்கு ஒரு வாளி, அலச ஒரு வாளி, மெத்துத் துணி மூன்று. வெயில் வருமுன் முடிந்தது.

9.2.2024, வெள்ளி

தை அமாவாசை. வண்டி கழுவவில்லை.

வடிவின் அப்பாவுக்குப் படையல். அவர் போனதிலிருந்து இத்தனை படையலுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்குள் இருந்தது கிடையாது. சுரண்டைக்கு வடிவைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, தெருமுனையில் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார். குற்றமுள்ள நெஞ்சு, உள்ளே வரக் கூசுகிறது என்று நான் வடிவிடம் சொல்வேன்.  அவளும் அந்த நாட்களில் புருஷனிடம் அதிகம் பேசுவதில்லை. இன்று அவருக்குப் போக இடமில்லை. குப்புறக் கிடந்தபடியே கேட்டார், "மாமாவுக்கு மொதல்ல வச்சாச்சா?"

வெள்ளிக்கிழமை என்பதால் எழுதுகிறேன். அன்றும் வெள்ளிக்கிழமை. 2018 அக்டோபர் 12. வடிவின் அப்பாவுக்கு விடிந்ததிலிருந்து நெஞ்சில் இறுக்கம். உள்ளூர் டாக்டர் திருநெல்வேலிக்குக் கொண்டுபோகச் சொன்னார். ஆம்புலன்ஸ் வேண்டாம், மாப்பிள்ளை வரட்டும் என்று அவர்தான் சொன்னார். எட்டு நாற்பதுக்குப் போன் போட்டேன். வடிவு அன்று மதுரையில் டிரெயினிங்கில் இருந்தாள். இவர் வந்து சேர்ந்தது பத்து முப்பத்தைந்து. வண்டியின் முன்பக்கம் முழுக்க வெள்ளை வெள்ளையாக வழிந்த தடம், வாசலில் அரிசிமாவு கொட்டிக் காய்ந்தது போல. அதைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. அங்கே ஒரு உயிர் துடித்துக்கொண்டிருக்க, இந்த மனுஷர் நிதானமாக வண்டியைக் கழுவிவிட்டு வந்திருக்கிறார். பன்னிரண்டு ஐந்துக்குப் புறப்பட்டோம். ஆலங்குளம் தாண்டவில்லை, வழியிலேயே போய்விட்டார். ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். "நான் வரத்தான் லேட்டாயிருச்சு டாக்டர்" என்று இவரே தன் வாயால் ஒப்புக்கொண்டார். இந்தக் காதால் கேட்டேன்.

இதைப் பிறகு வடிவிடம் சொன்னேன். சொல்ல வேண்டியது என் கடமை.

10.2.2024, சனி

நேற்றுப் படையல் சோறு தின்ற காக்கா பக்கத்து வீட்டுப் புங்கமரத்தில் உட்கார்ந்து, இன்ஜினை மூடும் முன்மூடியின் நடுவில் எச்சம் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. வடிவு பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அப்பா வந்துட்டுப் போயிருக்காக."

"சுரண்ட வேண்டாம்" என்று ஜன்னல் சொன்னது. "ஈரத்துணிய அதுமேல போட்டு ஊற வைங்க. பத்து நிமிஷம். தானா விட்டுக்கொடுக்கும். வெயில்ல விட்டா பெயிண்ட அரிச்சிரும்."

பத்து நிமிஷம் வைத்தேன். விட்டுக்கொடுத்தது. தடம் இல்லை.

13.2.2024, செவ்வாய்

எட்டு நாளாகக் கழுவுகிறேன், சுத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் பளபளப்பு இல்லை. அலமாரியில் மெழுகு டப்பா இருக்கிறது. அதைத் தொடக்கூடாதாம், கண் சரியானபின் அவரே போடுவாராம்.

எங்கள் தெருப் பிள்ளையாருக்கு முப்பது வருஷமாக வெள்ளிதோறும் நான்தான் எண்ணெய்க்காப்பு. அந்தக் கல்லைப் போலக் கறுத்து மினுங்கும் ஒன்றை இந்த ஜில்லாவில் காட்டட்டும். கறுப்புக்கு எண்ணெய்தான் என்று எனக்குத் தெரியாதா. வடிவு பள்ளிக்கூடம் போனபின் அரைக் கிண்ணம் தேங்காயெண்ணெயை மெத்துத் துணியில் தொட்டு வண்டி முழுக்கப் பூசினேன். பூசப் பூசப் புங்கமரத்தின் இலை ஒவ்வொன்றும் முன்மூடியில் தெரிந்தது. என் முகம் தெரிந்தது.

"அத்தை, தேங்காண்ண வாசம் வருதே?"

"தலைக்குத் தேச்சிருக்கு" என்று எண்ணெய்க் கிண்ணத்திடம் சொன்னேன்.

15.2.2024, வியாழன்

தெருவில் குழாய் பதிக்கத் தோண்டுகிறார்கள். செம்மண் தூசி. எண்ணெயில் ஒட்டிக்கொண்டு வண்டி முழுக்கக் காவி நிறம். துடைத்தேன். போகவில்லை. காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்தேன்.

குறிப்பு: ஒன்றுமில்லை.

16.2.2024, வெள்ளி

நேற்று ஒன்றுமில்லை என்று எழுதியது பொய்.

காலை வெயில் சாய்வாக விழுந்தபோது பார்த்தேன். முன்மூடி, மேற்கூரை, கதவுகள், எங்கும் சிலந்தி வலை போல வட்ட வட்டமாகக் கோடு. ஆயிரம் இருக்கும். வெள்ளை வண்டியாக இருந்தால் ஒருவர் கண்ணிலும் படாது. கறுப்பு ஒன்றையும் மறைத்து வைக்காது.

இன்னும் நான்கு நாளில் அவர் எழுந்துவிடுவார்.

17.2.2024, சனி

வடிவிடம் சொன்னேன். வண்டியைச் சுற்றி வந்தாள். தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"தேங்காண்ணையாம்மா? காருக்கா?"

"கறுப்புக்கு எண்ணெ போடாம?"

"இது என்ன பிள்ளையாராம்மா? அவுக பாத்தா நெஞ்சு வெடிச்சிரும்."

"கத்தாதட்டி. ஜன்னல் தெறந்திருக்கு."

யாருக்கோ போன் செய்தாள். பாலிஷ் போடும் ஞானதுரை என்பவர் நாளை வந்து பார்ப்பாராம்.

18.2.2024, ஞாயிறு

ஞானதுரை வந்தார். நாற்பது வயது இருக்கும். மாப்பிள்ளைக்குக் கேட்காமல் இருக்க வாசலுக்கு வெளியே நின்று கிசுகிசுப்பாகப் பேசினோம். கையில் சின்ன டார்ச் வைத்து வண்டியை ஒவ்வொரு அங்குலமாகப் பார்த்தார்.

"ஆச்சி, இது எண்ணெ போட்ட கோடு இல்ல. எண்ணெயில ஒட்டுன மண்ணு போட்ட கோடு. நீங்க தொடைக்கல, உப்புத்தாளு போட்டுத் தேச்சிருக்கிய."

"சரிப்பண்ண முடியுமா முடியாதா, அதச் சொல்லும்."

"மிஷின் போட்டா அம்புட்டும் போயிரும். மேல இருக்கிற மெல்லிசுப் பூச்சுலதான் கோடு. அந்தப் பூச்ச ஒரு மயிரிழை தேச்சு எடுத்து மட்டமாக்கிட்டா மறுபடி கண்ணாடி."

செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளை பரிசோதனைக்குப் போனால் திரும்ப நான்கு மணியாகும். அதற்குள் முடித்துவிடலாம் என்றார். எண்ணெய் போக இரண்டு தடவை ஷாம்பு போட்டுக் கழுவி வைக்கச் சொன்னார். போகும்போது இடது பின்கதவுப் பக்கம் குனிந்தார். அங்கே பழைய கோடு ஒன்று இருக்கிறது. கைப்பிடிக்குக் கீழே தொடங்கி, முழங்கை நீளத்துக்குச் சாய்வாக இறங்கும்.

"இது ஆழம். நகம் மாட்டுது. ஆனாலும் நாலு தடவ ஓட்டுனா தெரியாமப் பண்ணிரலாம். எடுத்துரட்டா?"

"எடுத்துரும்" என்றேன்.

அவர் கேட்டு முடிக்குமுன் சொல்லிவிட்டேன். வடிவுகூட என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

19.2.2024, திங்கள்

இன்று நிறைய எழுத வேண்டும்.

காலையில் ஷாம்பு போட்டேன். முன்மூடி, கூரை, எல்லாம் நுரை. அலசத் தண்ணீர் எடுக்கும்போது உள்ளேயிருந்து ஒரு சத்தம். "அத்தை" என்று கூப்பிட்டது கூப்பிட்ட மாதிரி இல்லை. துணியைப் போட்டுவிட்டு ஓடினேன். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுக்கொண்டு குமட்டிக் குமட்டி எடுக்கிறார். தலையைத் தூக்கவும் கூடாது. கட்டில் ஓரத்தில் பாத்திரத்தை வைத்து, நெற்றியைக் கையில் தாங்கிக்கொண்டேன். நெற்றி சின்னப் பிள்ளையுடையது போலக் குளிர்ந்து வேர்த்திருந்தது. வாய் துடைத்து, கஞ்சி வைத்துக் கரண்டியால் கொடுத்து, அவர் தூங்கும்வரை இருந்தேன்.  

வெளியே வந்தபோது வெயில் ஏறிவிட்டது. நுரை காய்ந்து, முன்மூடி முழுக்க வெள்ளை வெள்ளையாக வழிந்த தடம். அரிசிமாவு கொட்டிக் காய்ந்தது போல.

படியில் உட்கார்ந்துவிட்டேன்.

பதினைந்து நாளாக இந்த வேலையைச் செய்கிறேன். வண்டியைக் கழுவி முடித்தவன் வண்டியில் வெள்ளைத் தடம் இருக்காது. அலசி, துடைத்துத்தான் விடுவான். அதிலும் இந்த மனுஷர். அந்தத் தடம் இருந்தால் சோப்புப் போட்டவன் பாதியில் விட்டுவிட்டு ஓடியிருக்கிறான் என்று அர்த்தம். ஐந்து வருஷம் நான்கு மாதமாக அந்தத் தடத்தைத்தான் நான் சாட்சியாக வைத்திருந்தேன்.

மத்தியானம் அவர் தூங்கும்போது இந்த நோட்டைப் பின்னால் புரட்டினேன். இத்தனை நாள் புரட்டவில்லை. ஏன் புரட்டவில்லை என்பது எனக்குத் தெரியும்.

12.10.2018, வெள்ளி. வேலை: பாதிக் கழுவல். சுரண்டையிலிருந்து போன். அலசவில்லை. குறிப்பு: இடது பின்கதவு, மாமா மோதிரம். இதை எடுக்கக்கூடாது.

அவ்வளவுதான். அந்தக் கட்டத்தில் இன்னும் நாலு வரிக்கு இடம் இருந்தது. அவர் எழுதவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு பக்கத்திலும், மெழுகு போட்ட ஒவ்வொரு தேதியிலும், ஒரே வரி: இடது பின்கதவு கையால் மட்டும்.

அவர் எழுதாத நாலு வரியை நான் எழுதுகிறேன்.

பத்து முப்பத்தைந்துக்கு வண்டி வந்தது. பத்து நாற்பதுக்கு வடிவின் அப்பாவை இடது பக்கம் பின்சீட்டில் உட்காரவைத்தாயிற்று. நான் பையை எடுக்க உள்ளே போனேன். சுவரில் காலண்டர். வெள்ளி, ராகு காலம் பத்தரை முதல் பன்னிரண்டு. என் அண்ணன் அப்படிப்பட்ட நேரத்தில் லாரி ஏறிப் போனவன், துணியில் சுற்றித்தான் திரும்பி வந்தான். வெளியே வந்து, இறக்குங்கள் என்றேன்.

"அத்தை, இப்பமே போயிரணும்" என்றார் மாப்பிள்ளை. கையெடுத்துக் கும்பிட்டார்.

"ராகு காலத்துல, அதுவும் கறுப்பு வண்டியில, என் புருஷன ஏத்த மாட்டேன். எறக்கும்."

வடிவின் அப்பா இறங்க மாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டார். பேச மூச்சில்லை, பிடித்துக்கொண்டார். நான்தான் அந்தக் கையை இழுத்தேன். நான் போட்டுவிட்ட மோதிரம் கதவோடு கீழே இழுத்துக்கொண்டு வந்தது. சத்தம் கேட்டது. இப்போதும் கேட்கிறது.

பன்னிரண்டு ஐந்துவரை கட்டிலில் கிடந்தார். மாப்பிள்ளை வாசலில் காலண்டரைப் பார்த்தபடி நின்றுகொண்டே இருந்தார். ஆலங்குளத்தில் என் தோளில் தலை சாய்ந்தது.

ஏன் இவ்வளவு நேரம் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது நான் வாயைத் திறந்தேன். அதற்குள் இவர் முந்திக்கொண்டார், "நான் வரத்தான் லேட்டாயிருச்சு டாக்டர்." என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துச் சொன்னார். அந்த ஒரு வரியை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பிடித்துக்கொள்ள எனக்கு அன்று வேறு எதுவும் இருக்கவில்லை. பிடித்துப் பிடித்து அதுவே நடந்ததாகிவிட்டது. எனக்கு மறதி கிடையாது என்று எழுதினேன். மறக்கவில்லைதான். வேறு பக்கம் திருப்பி வைத்திருந்தேன்.

20.2.2024, செவ்வாய்

மாப்பிள்ளையும் வடிவும் எட்டு மணிக்கு டாக்ஸியில் போனார்கள். ஒன்பதுக்கு ஞானதுரை மிஷினோடு வந்தார்.

இடது பின்கதவில் சாய்ந்துகொண்டு நின்றேன்.

"இந்தக் கதவ மட்டும் விட்ரும்."

"ஞாயித்துக்கெழம எடுத்துருன்னு நீங்கதான ஆச்சி சொன்னிய?"

"சொன்னேன். இன்னைக்கு வேண்டாங்கேன்."

"எல்லாம் மின்னும், இது மட்டும் மங்கலா நிக்கும். தொழில் தெரியாதவன் போட்டதுன்னு என்னையத்தான சொல்லுவாவ?"

"என் பேரச் சொல்லும். உலகம்மா கெடுத்ததுன்னு சொல்லும்."

 அவர் மஞ்சள் டேப்பை எடுத்துக் கதவைச் சுற்றி ஒட்டினார். அந்தக் கதவில் என் எண்ணெய்க் கோடுகளும் அப்படியே இருக்கும். இருக்கட்டும்.

மூன்றரைக்கு முடிந்தது. மற்ற பக்கமெல்லாம் கண்ணாடி.

நாலே காலுக்கு டாக்ஸி வந்தது. மாப்பிள்ளை நிமிர்ந்து நடக்கலாம் என்று சொல்லிவிட்டார்களாம். கறுப்புக் கண்ணாடி போட்டு வடிவின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அந்தக் கண்ணில் பார்வை இருக்கிறது, புகைக்குள் பார்ப்பது போல இருக்கிறது, போகப் போகத் தெளியும் என்கிறார்கள். வீட்டுக்குள் போகவில்லை. நேராக வண்டிக்கு வந்தார். முன்பக்கம் போகவில்லை. இடது பின்கதவில் உள்ளங்கையை வைத்து, மெதுவாகக் கீழே இறக்கினார். கோடு இருந்த இடத்தில் கை நின்றது.

பிறகுதான் மூக்கை உறிஞ்சினார். "பாலிஷ் வாசம் வருது. மிஷின் போட்டிருக்கு. இந்தக் கதவ விடச் சொன்னது யாரு?"

"அம்மாதான்" என்றாள் வடிவு. "போன்ல ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கா."

நான் அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே வந்துவிட்டேன். பால் ஏதும் இல்லை.

21.2.2024, புதன்

வாசிக்க இன்னும் ஒரு மாதம் கூடாதாம். அதனால் பதினைந்து நாள் நோட்டை வடிவை வாசிக்கச் சொல்லிக் கேட்கப்போகிறாராம், இன்று சாயந்திரம், அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும்.

காலையிலிருந்து நோட்டு என் மடியில் இருக்கிறது. திங்கட்கிழமைப் பக்கத்தைக் கிழித்துவிட்டால் தெரியாது. எண்ணெய்ப் பக்கத்தை மட்டும் விட்டுவைத்தால் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். கிழவி காருக்கு எண்ணெய்க்காப்பு பண்ணினாள் என்று வெளியூரில் படிக்கும் பேத்திக்கும் வடிவு போன் பண்ணிச் சொல்வாள்.

இரண்டு தடவை பக்கத்தைப் பிடித்தேன். இரண்டாவது தடவை அரை அங்குலம் கிழிந்தும்விட்டது. அது தெரியும், பாருங்கள்.

பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். 12.10.2018. குறிப்புக் கட்டத்தில் மீதி இருந்த இடத்தில் எழுதினேன்:

வந்தது 10.35. புறப்பட்டது 12.05. நடுவில் நிறுத்தி வைத்தது உலகம்மாள்.

22.2.2024, வியாழன்

வடிவு நேற்று முழுவதையும் வாசித்தாள். வாளியிடம் நான் பேசிய இடத்தில் மாப்பிள்ளை சத்தமாகவே சிரித்தார். எண்ணெயில் இருவரும் சிரித்தார்கள். பத்தொன்பதாம் தேதி வந்தபோது நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவள் குரல் பாதியில் நின்றது. அதன்பின் சத்தமில்லாமல் வாசித்தாள். கடைசியில் பழைய பக்கத்தைப் புரட்டும் சத்தம்.

"நீங்க ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று அவரைக் கேட்டாள்.

"சொன்னா அத்தைக்கு என்ன மிச்சம் இருக்கும், வடிவு?"

 அவள் எழுந்து என்னைத் தாண்டி அடுக்களைக்குப் போனாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. ராத்திரி சோறு வைத்தாள், பேசவில்லை. காலையிலும் பேசவில்லை. அவளுக்கும் என்னைப் போலவே மறதி கிடையாது. எத்தனை நாளோ, எத்தனை வருஷமோ. கேட்க எனக்கு வாயில்லை.

ஏழு மணிக்கு வாளியோடு வந்தேன். மாப்பிள்ளை கறுப்புக் கண்ணாடியோடு படியில் உட்கார்ந்திருந்தார். குனியக்கூடாது, கனம் தூக்கக்கூடாது.

நான் வாளியைக் கீழே வைத்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன்.

"மாப்ளே, தண்ணி புடிச்சாச்சு. எங்கயிருந்து ஆரம்பிக்கட்டும்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"மேலயிருந்துதான் அத்தை. எப்பவும் மேலயிருந்துதான்."

உள்ளேயிருந்து வடிவின் குரல் வந்தது, "காப்பி ஆறுதுன்னு உங்க அத்தைட்ட சொல்லுங்க."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் வாளியைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை.

துணியை நனைக்குமுன் முந்தியை அவிழ்த்து மோதிரத்தை எடுத்து அவரிடம் நீட்டினேன். வாங்கித் தடவிப் பார்த்தார். பிறகு எழுந்து, கதவைத் திறந்து, கியருக்குப் பக்கத்தில் சில்லறை போடும் குழிக்குள் வைத்தார்.

வேலை: ஷாம்பு ஒரு மூடி, வாளி இரண்டு, மெத்துத் துணி மூன்று. இடது பின்கதவு கையால் மட்டும். முந்தானையைச் செருகிக்கொள்ளவில்லை. அதில் இப்போது ஒன்றும் இல்லை.